ஒரு மழைக் கட்டுரையும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

(அறக்கட்டளையின் கல்வி உதவி வழங்கும் நிகழ்ச்சியில் நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



மதிப்பிற்குரிய ஜமாஅத் பெரியவர்களே, உலமாப் பெருமக்களே, திரைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே, புது நோட்டுப் புத்தகங்களை மடியில் வைத்துக்கொண்டு பேச்சு எப்போது முடியும் என்று காத்திருக்கும் அன்புப் பிள்ளைகளே!

வழக்கமாக இந்த மேடையில் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவோம். இந்த முறை மராத்தி மொழியில் எடுக்கப்பட்ட ஒன்றிரண்டு குறும்படங்களைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தோம். ஜகாத்தும் ஸதகாவும் சேர்ந்து நடக்கும் ஒரு பணியின் மேடையில் சினிமாப் பேச்சு எதற்கு என்று சில பெரியவர்கள் முன்கூட்டியே கேட்டுவிட்டார்கள். கேட்டது நியாயம்தான். ஆட்டமும் பாட்டமும் நிறைந்த சினிமாவைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. கால் மணி, அரை மணி நேரத்தில் ஒரு ஏழைப் பிள்ளையின் ஒரு நாளைக் காட்டும் சிறிய படங்கள் இவை. நம் மனுப் பெட்டியில் வந்து விழும் கடிதங்களில் பாதி இதே கதையைத்தான் சொல்கின்றன.

மராட்டியம் நமக்கு அந்நிய ஊரும் அல்ல. தோல் பதனிடும் தொழிலுக்காக நெல்லைச் சீமையிலிருந்து பம்பாய் தாராவிக்குப் போய்க் குடியேறிய முஸ்லிம் குடும்பங்கள் பல. இன்றைக்கும் மும்பையில் உறவினர் இருப்பவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பார்கள். மலையும் ஒன்றுதான். அவர்கள் சஹ்யாத்ரி என்கிறார்கள், நாம் மேற்குத் தொடர்ச்சி மலை என்கிறோம். தப்தி ஆற்றுப் பக்கம் தொடங்கிக் குமரி வரை சுமார் 1,600 கிலோமீட்டர் நீளும் ஒரே மலை. ஜூன் மாதம் ஆரியங்காவுக் கணவாய் வழியாக நமக்குச் சாரல் அனுப்பும் அதே தென்மேற்குப் பருவமழைதான், சில நாட்கள் கழித்து அங்கேயும் போய்க் கொட்டுகிறது.

மழையை முதலில் சொன்னதற்குக் காரணம், நாம் பேச வந்த படமே ஒரு மழைக் கட்டுரை. பெயர் 'பாவசாச்சா நிபந்த'. மழையைப் பற்றிய கட்டுரை என்பதே அதன் பொருள். எடுத்தவர் நாக்ராஜ் மஞ்சுளே. 2018-இல் அறிவிக்கப்பட்ட 65-வது தேசியத் திரைப்பட விருதுகளில், கதைப்படம் அல்லாத பிரிவில் சிறந்த இயக்குநர் விருதை இந்தப் படத்துக்காக அவர் பெற்றார்.

கதை ஒரு நாளில் முடிந்துவிடும். மலைக்கிராமம். எங்கும் பச்சை. மழை விடாமல் பெய்கிறது. வாத்தியார் பிள்ளைகளிடம் மழையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வரச் சொல்கிறார். ராஜா என்ற பையனும் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். வீட்டில் கூரை ஒழுகுகிறது. தகப்பன் குடித்துவிட்டு வெளியே கிடக்கிறான். தாயோடு சேர்ந்து பிள்ளைகளும் அந்த மனிதனை மழையில் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் கட்டுரைக்கு ஏது நேரம்? மறுநாள் எழுதாத பிள்ளையாகத்தான் பள்ளிக்கூடத்தில் போய் நிற்கிறான்.

இதற்கு மேல் கதை இல்லை. யாரும் யாரையும் அடித்து நொறுக்குவதில்லை, பெரிய வசனமும் இல்லை. ஆனால் அந்த வகுப்பிலேயே மழையை முழுதாக அறிந்த பிள்ளை அவன் ஒருவன்தான் என்பது பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். வாத்தியாருக்குத் தெரியாது. அவர் கொடியவர் அல்ல, அவரிடம் இருப்பது வருகைப் பதிவேடும் ஒரு வெற்றுத்தாளும் மட்டுமே.

குற்றாலத்துப் பிள்ளைகளிடமும் மழையைப் பற்றி எழுதச் சொல்லிப் பாருங்கள். பேரருவி, ஐந்தருவி, புலியருவி, இதமான சாரல், சீசன், வெளியூர்க் கூட்டம் என்று அழகாக எழுதுவார்கள். அருவிக்கரையில் சிப்ஸ் கடை போட்டிருப்பவரின் மகனுக்கு வேறு கட்டுரை உண்டு. வெள்ளம் பெருகிக் குளிக்கத் தடை போட்டால் அன்றைக்கு வியாபாரம் கிடையாது, தண்ணீர் வராவிட்டாலும் கிடையாது. சீசனை நம்பிக் கடன் வாங்கிச் சரக்கு எடுத்தவருக்கு மழை கூடினாலும் குறைந்தாலும் நெஞ்சு படபடக்கும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. அந்த வீட்டில் மழை என்ற சொல்லுக்கு இனி என்ன பொருள் இருக்கும்?

மஞ்சுளேயைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். சோலாப்பூர் மாவட்டம் கர்மாளா தாலுகாவில் ஜேவூர் என்ற கிராமத்தில், கல் உடைக்கும் வட்டார் சமூகத்தில் பிறந்தவர். கவிஞர். அவருடைய முதல் குறும்படம் 'பிஸ்துல்யா', சுமார் 15 நிமிடம் ஓடும். பள்ளிக்கூடம் போக ஆசைப்படும் ஒரு சிறுவன், அதற்கு வழிவிடாத வறுமை, இதுதான் விஷயம். அதற்கு 58-வது தேசிய விருதுகளில் அறிமுக இயக்குநருக்கான விருது கிடைத்தது. அந்தப் படம் காட்டுகிற மக்களைப் பார்க்கும்போது ஒரு பழைய சட்டம் நினைவுக்கு வருகிறது. 1871-இல் ஆங்கிலேயர்கள் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், பிறக்கும்போதே சில சமூகங்களைத் திருடர்கள் என்று பதிவு செய்தது. நம் தமிழகத்திலும் பல சமூகங்கள் அதில் அகப்பட்டுத் தவித்தன. 1952-இல் சட்டம் ஒழிந்தது. ஊராரின் சந்தேகப் பார்வை ஒழியவில்லை. பெயரைச் சொன்னதும் எதிரில் இருப்பவரின் முகம் மாறுகிறதே, அந்த அனுபவம் நம் பிள்ளைகளுக்கும் புதிது அல்ல. வாடகைக்கு வீடு தேடி வெளியூர் போன பையன்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அவருடைய முழுநீளப் படம் ஒன்றையும் தொட்டுவிட்டுப் போகிறோம். 2013-இல் வந்த 'ஃபன்ட்ரி'. அந்தச் சொல் கைக்காடி என்ற மொழியிலிருந்து வந்தது. மராட்டியத்தில் வாழும் கைக்காடி மக்களின் பேச்சு தமிழுக்கு நெருங்கிய உறவு. 'ஃபன்ட்ரி' என்பது நம் 'பன்றி'தான். பள்ளிவாசல் மண்டபத்தில் இந்தப் பேச்சா என்று முகம் சுளிக்க வேண்டாம். அந்தப் பிராணியைப் பிடித்து அப்புறப்படுத்தும் வேலை சுமத்தப்பட்ட ஒரு குடும்பத்தின் கதை அது. மகன் ஜப்யா பள்ளியில் படிக்கிறான். தன் வீட்டார் செய்யும் வேலையைக் கூடப் படிக்கும் பிள்ளைகள் பார்த்துவிடக் கூடாதே என்று மறைந்து மறைந்து நிற்கிறான். கடைசியில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே, ஊரே வேடிக்கை பார்க்க, குடும்பத்தோடு அவனும் ஓட வேண்டி வருகிறது.

வீட்டுத் தொழிலைச் சொல்ல வெட்கப்படும் பிள்ளை நம்மிடமும் உண்டு. விண்ணப்பப் படிவத்தில் 'தாயாரின் தொழில்' என்ற இடத்தை வெற்றாக விட்டுவிடுகிறார்கள். விசாரிக்கப் போனால் உம்மா பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இலை வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டி, கட்டுக் கட்டாகக் கடையில் கொண்டுபோய்க் கொடுக்கிறார். கடையநல்லூர் தொடங்கி முதலியார்பட்டி, பொட்டல்புதூர் வரை எத்தனை பிள்ளைகளின் பள்ளிச் செலவு அந்தத் தட்டிலிருந்து வந்திருக்கிறது! அந்த இடத்தில் 'பீடித் தொழிலாளி' என்று எழுதுங்கள் பிள்ளைகளே. வெட்கம் வேண்டாம் என்பது ஒரு பக்கம். எழுதினால் பலனும் உண்டு என்பது இன்னொரு பக்கம். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் நலத்துறையின் கல்வி உதவி இருக்கிறது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும், தாயாரின் தொழிலாளர் அடையாள அட்டை வேண்டும். அட்டை இல்லாமல் பல ஆண்டுகளாகச் சுருட்டுகிறவர்கள் நிறைய. அவர்கள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தால் விண்ணப்பம் எழுதித் தருகிறோம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரி சேரும் பெண்பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 முதல் இருக்கிறது. இதையும் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. படத்தைப் பற்றிப் பேச வந்த இடத்தில் விண்ணப்பத்தைப் பற்றிப் பேசுகிறார்களே என்று நினைக்க வேண்டாம், எங்கள் வேலை அப்படி.

மராத்தியில் ஏன் இப்படிப்பட்ட கதைகள் வருகின்றன? அந்த மண்ணில் பள்ளிக்கூடம் என்பதே ஒரு போராட்டமாக இருந்திருக்கிறது. ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாயும் 1848-இல் புனேயில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார்கள். சாவித்திரிபாய் 1856-இல் கணவருக்கு எழுதிய கடிதத்தில் ஃபாத்திமா என்ற பெயர் வருகிறது, பணியில் உடன் நின்ற பெண்ணாக. அந்த மரபிலிருந்து வந்தவர்கள் படம் எடுக்கும்போது பள்ளிக்கூட வாசலில்தான் கேமராவை வைக்கிறார்கள்.

நம் பக்கத்திலும் இந்தக் கதையைச் சொன்னவர் இல்லாமல் இல்லை. திருநெல்வேலியில் வாழ்ந்து மறைந்த தோப்பில் முஹம்மது மீரான் தம்முடைய 'ஒரு கடலோரக் கிராமத்தின் கதை' நாவலில், ஊருக்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வருவதைத் தடுக்கப் பார்க்கும் ஒரு முதலாளியைக் காட்டினார். நூல் வந்தது 1988-இல். நம் சமூகத்தை இப்படி எழுதலாமா என்று அன்றைக்கும் கோபப்பட்டவர்கள் உண்டு. 1997-இல் வேறொரு நாவலுக்காகச் சாகித்திய அகாதெமி விருது வந்தபோது பெருமைப்பட்டவர்களும் உண்டு. எங்களைக் கேட்டால், கோபத்தைவிட அந்த முதலாளியின் சாயல் இன்னும் எந்த வீட்டில் இருக்கிறது என்று பார்ப்பதே நல்லது. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிய பெண்ணுக்கு 'போதும்' என்று சொல்லும் வீடுகள் நமக்குத் தெரியும்.

இங்கே ஒரு கடினமான கேள்வி வருகிறது. பிறர் குறையை மூடி மறைப்பது நம் மார்க்கம் சொல்லித்தந்த பண்பு. தர்மத்தை மறைத்துக் கொடுப்பது மேலானது என்று குர்ஆன் கூறுகிறது. சொல்லிக்காட்டியும் புண்படுத்தியும் தர்மத்தைப் பாழாக்காதீர்கள் என்றும் எச்சரிக்கிறது. அப்படியிருக்க, ஒரு வீட்டின் ஒழுகும் கூரையையும் தகப்பனின் குடியையும் படம் பிடித்து ஊருக்குக் காட்டலாமா? உதவி பெறுகிறவரின் முகம் ஏன் இந்த மடலில் வருவதில்லை என்று நன்கொடையாளர்கள் சிலர் கேட்கிறார்கள். அதே காரணம்தான். அரிசிப் பையை ஒரு கையால் நீட்டி மறு கையால் செல்போனைத் தூக்கிப் பிடிக்கும் படங்கள் ரமலானில் வாட்ஸ்அப்பில் வந்து குவிகின்றன. வாங்குகிறவர் கீழே பார்த்துக்கொண்டு நிற்பார். அந்தப் பெண்ணின் பிள்ளை மறுநாள் பள்ளிக்கூடத்தில் என்ன கேள்வி கேட்கப்படும் என்று யாரும் யோசிப்பதில்லை.

கதைப்படம் இதற்கு ஒரு வழி காட்டுகிறது. ராஜா என்ற பையன் நடிக்கிறவன், அந்தத் தகப்பன் நடிக்கிறவர். எந்த உண்மையான வீட்டின் மானமும் போகவில்லை. ஆனாலும் பார்க்கிற வாத்தியாருக்கு, நாளைக்கு வீட்டுப்பாடம் எழுதாமல் நிற்கும் பையனை வேறு விதமாகக் கேட்கத் தோன்றும். குடி நம் வீடுகளில் இல்லை என்று மேடையில் சொல்லிக்கொள்கிறோம். ஹராம் என்று தெரிந்ததாலேயே அதை வெளியே சொல்ல வழியில்லாமல் தவிக்கும் மனைவிமார் எங்களிடம் தனியாக வந்து அழுகிறார்கள். அவர்களில் ஒருவர் பெயரையும் இங்கே சொல்ல முடியாது. ஒரு கதையாகச் சொன்னால் பத்து வீடுகள் தங்களை அடையாளம் கண்டுகொள்ளும், ஒரு வீடும் காட்டிக்கொடுக்கப்படாது.

ஆகவே ஒரு சிறு முயற்சி. படிப்பு முடித்த நம் இளைஞர்கள் கையில் எல்லாம் நல்ல கேமரா உள்ள செல்போன் இருக்கிறது. அதில் அருவிக்கு முன் நின்று ரீல்ஸ் எடுக்கிறார்கள். அவர்களைத்தான் கேட்கிறோம். பத்து நிமிடத்துக்குள் ஒரு கதை. வளைகுடாவில் இருக்கும் வாப்பாவை போனில் மட்டும் அறிந்த பிள்ளை, கடைசிக் கட்டு பீடி முடியும் வரை வீட்டுப்பாடத்துக்கு உம்மாவின் உதவி கிடைக்காத மகள், சீசன் மூன்று மாதமும் லாட்ஜில் வேலைக்குப் போய்ப் பள்ளி வருகையை இழக்கும் ஒன்பதாம் வகுப்புப் பையன். எதையும் எடுத்துக்கொள்ளலாம்.

சில நிபந்தனைகள் வைக்கிறோம். உண்மையான வீட்டின் பெயரோ அடையாளமோ வரக் கூடாது. நடிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். கேலிக்கும் ஆபாசத்துக்கும் இடமில்லை. இசை வேண்டாம் என்று உலமாக்கள் சொல்லியிருக்கிறார்கள், அதையும் ஏற்றுக்கொண்டோம். மழைச் சத்தமும் பாத்திரச் சத்தமும் போதும். படம் எடுக்கும் முன் கதையை ஒரு பக்கத்தில் எழுதி, அஸர் தொழுகைக்குப் பிறகு அலுவலகத்தில் கொடுங்கள். பெண்பிள்ளைகள் எழுதும் கதைகளை நம் மதரஸா ஆசிரியைகள் வாங்கிக்கொள்வார்கள். பார்வையிடலும் பெண்களுக்குத் தனி நேரத்தில் நடக்கும். பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்களையும் அழைக்க எண்ணியிருக்கிறோம், அவர்கள் எந்த மதத்தவரானாலும்.

இப்போது பெயர் வாசிக்கப்படும். வரிசை மாறாமல் பிள்ளைகள் வந்து புத்தகப் பையை வாங்கிக்கொள்ளலாம். பெரியவர்கள் தயவுசெய்து செல்போனைச் சட்டைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

வஸ்ஸலாம்.