வீட்டுக் குழந்தைக்குத் துணிப் பொம்மை

(ஊராட்சி உறுப்பினர்களும் மகளிர் குழுவினரும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



சாலையையும் குடிநீரையும் பற்றிப் பேச வேண்டிய அலுவலர் பொம்மையைப் பற்றிப் பேச வந்திருப்பது கண்டு சிலர் புன்னகை செய்கிறீர்கள். செய்யுங்கள். ஆனால் பொம்மைக்கு உடுத்திப் பார்ப்பது நமக்குப் புதிதன்று. நவராத்திரிக் கொலுவில் வைக்கும் மரப்பாச்சி இணைக்கு ஆண்டுதோறும் புதுத்துணி உடுத்துகிற வீடுகள் இன்றும் உண்டு. மரப்பாச்சி வாங்க இயலாத வீடுகளில் கந்தல் துணியைச் சுருட்டி, நடுவில் நூலால் கட்டினால், அதுவே குழந்தைக்குப் பாப்பாவாயிற்று.

இப்பணியில் நாம் செய்த பிழையை முதலில் கூறிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய வேறொரு வட்டாரத்தில், மகளிர் குழு ஒன்றுக்குப் பொம்மை தைக்கும் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தோம். வருவாய் கிடைக்கும் என்று நாமே உறுதி கூறினோம். வாங்கிக்கொள்வதாகச் சொன்ன வெளியூர் வியாபாரி, தைத்து முடித்த பிறகு, ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். எழுத்தில் எதையும் பெறாமல் தொடங்கியது நம் தவறே. திரும்பி வந்தவற்றை அங்கன்வாடிக்குக் கொடுக்கலாம் என்று யோசனை சொன்னவரும் நாமே.

மூன்றாம் நாள், இரண்டு வயதுக் குழந்தை ஒன்று, கண்ணாகத் தைத்திருந்த சட்டைப் பொத்தானைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டது. அது தொண்டையில் அடைத்துவிட்டது. அங்கன்வாடிப் பணியாளர் பதறாமல் குழந்தையை மடிமேல் தலை தாழக் குப்புறச் சாய்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் தட்டினார். பொத்தான் வெளியே வந்தது. ஓடிவந்த தாய் நம்மை ஒன்றும் கேட்கவில்லை, பார்த்தார், அவ்வளவே. அன்று முதல் சிறு குழந்தைகளின் பொம்மையில் பொத்தான், மணி, முத்து, சலங்கை எதையும் நாம் அனுமதிப்பதில்லை. கண்ணும் வாயும் நூலால்தான் தைக்கப்பட வேண்டும்.

அக்குழுவினர் சோர்ந்துவிடவில்லை. எல்லாப் பொம்மைகளின் கண்களையும் பிரித்து, கறுப்பு நூலால் மீண்டும் தைத்தனர். அவர்களுள் மூத்த அம்மையார் ஒருவர் ஒரு பொம்மைக்குத் தம் கிழிந்த கண்டாங்கிச் சேலையைக் கட்டிவிட்டு, பேரனிடம், "இந்தா, இதுதான் உங்க அப்பத்தா" என்றார். மறுநாள் பையன் அப்பா வேண்டும் என்றான். வேட்டி கட்டிக் கொடுத்தார். "எங்கப்பா வேட்டி கட்டமாட்டாரு, காக்கிச் சட்டைதான்" என்று அவன் வாங்க மறுத்துவிட்டான். தகப்பனார் லாரி ஓட்டுநர். மாதத்தில் சில நாட்களே வீட்டில் இருப்பவர். பழைய காக்கிக் கால்சட்டையின் பையைப் பிரித்து ஒரு சட்டை தைத்த பின்னர்தான் அவன் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உறங்கினான். கடைப் பொம்மையில் இந்த அப்பா கிடைக்கமாட்டார். ஆகவே ஒரு பொம்மையன்று, ஒரு குடும்பமே செய்யுங்கள் என்கிறோம்.

செலவு மிகக் குறைவு. பலமுறை துவைத்து மென்மையான பழைய வேட்டியே உடலுக்கு ஏற்றது. கடையில் விற்பவை பெரும்பாலும் வெளிர் நிறமும் செம்பட்டை முடியுமாக இருக்கின்றன. நம் குழந்தையின் முகம் அப்படியா இருக்கிறது? ஒரு லிட்டர் நீரில் 4 தேக்கரண்டித் தேயிலைத் தூளும் சிறிது உப்பும் இட்டுப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, வடிகட்டி, நனைத்த துணியை அரைமணி நேரம் ஊறவிட்டு அலசினால் மாநிறம் ஏறும். கருமை வேண்டுமானால் பழுப்புநிற லைனிங் துணியை எடுத்துக்கொள்ளலாம்.

துணியை இரண்டாக மடித்து, 12 அங்குல உயரத்தில் உருவம் வரைந்து, கோட்டிற்கு வெளியே கால் அங்குலம் விட்டு வெட்டுங்கள். கோட்டின்மேல் பின் தையலாக, அதாவது ஒவ்வொரு முறையும் ஊசியைச் சற்றுப் பின்னுக்கு வாங்கித் தைக்க வேண்டும். வெறும் ஓட்டுத் தையல் பஞ்சை அடைக்கும்போது பிரிந்துவிடும். விலாவில் 2 அங்குலம் திறந்து விடுங்கள். கழுத்திலும் அக்குளிலும் விளிம்பைச் சிறு வெட்டாக வெட்டிய பிறகே உட்புறத்தை வெளியே திருப்ப வேண்டும். இதை மறந்தால் கழுத்து சுருங்கிப் பொம்மை விகாரமாகிவிடும்.

அடைப்பதற்கு இலவம் பஞ்சு நல்லதுதான். ஆனால் துவைத்தால் கட்டிபடும். துவைக்காத பொம்மையோ அழுக்கு மூட்டை. பனியன் வெட்டுத் துண்டுகளைப் பொடியாக நறுக்கி அடைத்தால் துவைக்கலாம், வெயிலில் உலர்த்தலாம். தானியமோ உமியோ வேண்டாம்; வண்டும் எலியும் வரும். தலை தொங்காதிருக்கக் கழுத்தில் இறுகச் சுருட்டிய துணியை வையுங்கள். குச்சியோ கம்பியோ கூடவே கூடாது. கூந்தலுக்குக் கறுப்புக் கம்பளி நூலை வகிடு நெடுகத் தைத்துப் பின்னிவிடலாம்.

இனி உடை. இதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். பொம்மைக்குத் தக்கபடி சேலையின் நீள அகலத்தைக் குறைக்கலாம். துணியின் கனத்தை எப்படிக் குறைப்பது? கணக்கின்படி 12 அங்குலப் பொம்மைக்கு 9 அங்குல அகலமும் 42 அங்குல நீளமும் வரும். அதைக் கொசுவி வைத்தால் வயிறு உப்பிவிடும். 32 அங்குலம் போதும். இரண்டு மூன்று கொசுவமே வையுங்கள். நைந்துபோன வாயில் சேலை அழகாகப் படியும். பட்டு விறைத்து நிற்கும். அப்பாவுக்கு 9க்கு 14 அங்குல வேட்டி, தோளில் ஒரு துண்டு. உடைகள் கழற்றி மாட்டத் தக்கவையாக இருக்கட்டும். நாடா முடியவும் அவிழ்க்கவும் குழந்தையின் விரல்கள் தாமே பழகும்.

இவற்றை விற்கலாமா என்று கேட்பீர்கள். 2020ஆம் ஆண்டின் பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 14 வயதுக்குட்பட்டோர் விளையாடும் பொம்மைகளைத் தர முத்திரையின்றி விற்கலாகாது. மத்திய அரசின் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்துகொண்ட கைவினைஞர்கள் தாமே செய்து விற்பவற்றிற்கு விலக்கு உண்டு. ஆகவே விற்க எண்ணுவோர் முதலில் பதிவு செய்யுங்கள். விலையில்லாத பொம்மைக்கும் மதிப்புண்டு. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் ஆரோவில்லைச் சுற்றியுள்ள மீனவக் கிராமப் பெண்கள் கழிவுத் துணியில் செய்த சுனாமிகா என்னும் சிறு பொம்மை, விற்கப்படாமல் அன்பளிப்பாகவே உலகெங்கும் சென்றது.

ஊராட்சி உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள். கிராம சேவை மையக் கட்டடத்தை வெள்ளிக்கிழமை பிற்பகலில் இரண்டு மணி நேரம் திறந்து கொடுங்கள். விளக்கும் மின்விசிறியும் போதும். ஊசி நூலுக்கு நாம் ஏற்பாடு செய்கிறோம். வருகிறவர்கள் துவைத்து வெயிலில் உலர்த்திய ஒரு பழைய வேட்டியும், வீட்டில் ஒவ்வொருவர் உடையிலிருந்தும் ஒரு சாண் துணியும் கொண்டு வர வேண்டும். உழவர் பெருமக்களும் வரலாம். சாக்கு தைக்கத் தெரிந்தவர்களுக்குப் பின் தையல் கடினமன்று.