மனுவும் தீர்மானமும்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

உள்ளாட்சி அமைப்புகள் பாடத்தை வகுப்பறையில் எப்படிக் கொண்டுசெல்வது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் 2019 டிசம்பரிலோ 2021 அக்டோபரிலோ ஊரக உள்ளாட்சித் தேர்தல் பணிக்குப் போனவர்கள். ஒரு வாக்காளருக்கு நான்கு வாக்குச்சீட்டு மடித்துக் கொடுத்தோம். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை அல்லது நீலம், ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய வார்டுக்குப் பச்சை, மாவட்ட வார்டுக்கு மஞ்சள். எண்ணும்போது நிறம் பிரித்தே விரல் தேய்ந்தது. அந்த நான்கு நிறம்தான் இந்தப் பாடத்தின் முதல் பக்கம் என்பேன். மூன்றடுக்கு என்று கரும்பலகையில் முக்கோணம் வரைவதைவிட, நான்கு வண்ணத் தாளை வெட்டி மேசைமேல் வைத்தால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடுகிறது. வெள்ளையிலும் இளஞ்சிவப்பிலும் கட்சிச் சின்னம் கிடையாது. பச்சையிலும் மஞ்சளிலும் உண்டு. ஊராட்சித் தலைவரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுக்கிறார்கள்; ஒன்றியக் குழுத் தலைவரையும் மாவட்ட ஊராட்சித் தலைவரையும் அந்தந்த உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஏன் இப்படி என்று பிள்ளைகளே கேட்பார்கள். கேட்கட்டும்.

73ஆவது திருத்தம், 1993 ஏப்ரல் 24, பதினோராவது அட்டவணை, 29 பொருள்கள், தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994. இவையெல்லாம் வேண்டும்தான், தேர்வுக்கு வரும். ஆனால் இவற்றை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளைக்குத் தன் தெருக் குழாயில் நான்கு நாளாய்த் தண்ணீர் வராவிட்டால் யாரிடம் கேட்பது என்று தெரிவதில்லை. பெரியவர்களுக்கே குழப்பம். கிராம நிர்வாக அலுவலர் ஊராட்சித் தலைவருக்குக் கீழே வேலை பார்க்கிறார் என்று நினைப்பவர்கள் ஏராளம். அவர் வருவாய்த் துறை. ஊராட்சிக்கு இருப்பவர் ஊராட்சிச் செயலர். ரேஷன் கடை ஊராட்சியுடையது அல்ல. குடிநீர், தெருவிளக்கு, வடிகால், குப்பை ஊராட்சியுடையவை. சாலை என்றால் ஊராட்சிச் சாலையா, ஒன்றியச் சாலையா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று பார்க்க வேண்டும். எங்கள் ஆறாம் வகுப்பில் ஊர்ப் படம் வரைந்து, எது யாருடையது என்று நான்கு வண்ணப் பென்சிலால் தீட்டச் சொன்னேன். இரண்டு பாடவேளை போதவில்லை.

அந்த வேலையின்போது ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், புத்தகத்துல தலைவர் பேரை எழுதச் சொல்லியிருக்கு. எங்க ஊர்ல தலைவர் யாருன்னு கேட்டா, தலைவரோட வீட்டுக்காரர் பேரைச் சொல்றாங்க. எதை எழுத?" வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. தலைவர் பெயரைத்தான் எழுத வேண்டும் என்றேன். பெண்களுக்கு 50 விழுக்காடு இடஒதுக்கீடு 2016இல் நம் மாநிலச் சட்டத்துக்குள் வந்தது. 2019 தேர்தலில்தான் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. ஆனால் சட்டம் ஒருவருக்கு நாற்காலியைத்தான் கொடுக்க முடிகிறது. அதில் அவரே உட்கார்ந்து, அவரே கையெழுத்துப் போட்டு, அவரே பதில் சொல்லும் நிலை வர ஊரும் கூட நிற்க வேண்டும். தலைவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் பழக்கத்தையாவது வகுப்பறையில் ஆரம்பிக்கலாம் என்பது என் எண்ணம்.

நாற்காலியே கிடைக்காமல் போன கதையும் நம்மிடம் உண்டு. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல். தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காக 1996 முதல் பத்தாண்டுகள் இந்த ஊராட்சிகளில் தலைவர் ஒருவர் நிலைத்து இயங்க முடியவில்லை. மனுத்தாக்கல் இல்லை, அல்லது வென்றவர் உடனே விலகினார். 2006 அக்டோபரில்தான் முறையாகத் தேர்தல் நடந்தது. 2021 அக்டோபர் 2 அன்று அதே பாப்பாபட்டியில் நடந்த கிராம சபையில் முதலமைச்சர் கலந்துகொண்டார். மேலவளவில் 1997இல் ஊராட்சித் தலைவர் முருகேசன் கொல்லப்பட்டதையும் மறைக்க வேண்டியதில்லை. இதையெல்லாம் சின்னப் பிள்ளைகளிடம் சொல்லலாமா என்று சக ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். ஆறாம் வகுப்புக்கு எவ்வளவு, ஒன்பதாம் வகுப்புக்கு எவ்வளவு என்று அளந்து சொல்லலாம். சொல்லாமல் விட்டால், இடஒதுக்கீடு எதற்கு என்ற கேள்விக்குப் பிள்ளை வேறெங்கோ போய் வேறு பதிலைக் கற்றுக்கொண்டு வரும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கும் இதே அளவுகோல்தான். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை முறையைப் பெருமையோடு நடத்துகிறோம், தவறில்லை. முப்பது குடும்புகள், ஓலையில் பெயர், குடத்தில் போட்டுக் குலுக்கி ஒரு சிறுவனை எடுக்கச் சொல்வது. வகுப்பில் நடித்துக் காட்ட இதைவிட நல்ல காட்சி இல்லை. அடுத்தாற்போல், யார் பெயர் ஓலையில் ஏறும் என்று கேளுங்கள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி, 35 முதல் 70 வயது. அது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊரின் சபை. உழுதவருக்கும் பெண்ணுக்கும் அங்கே ஓலை இல்லை. இன்று 18 வயதானால் வாக்கு, 21 வயதானால் போட்டியிடலாம், நிலம் கேட்பதில்லை. அந்தக் கல்வெட்டில் எனக்கு மிகவும் பிடித்த விதி வேறொன்று. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி வர முடியாது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கணக்கைத்தான் கேட்டிருக்கிறார்கள்!

இன்றைக்கு அந்தக் கணக்கைக் கேட்கும் இடம் கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்காக இருந்தது. 2022 முதல் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினமும் நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினமும் சேர்ந்து ஆறு. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அத்தனை பேரும் உறுப்பினர். தேர்ந்தெடுக்கப்பட வேண்டியதில்லை, பதவிக்காலமும் கிடையாது. 2016 அக்டோபரிலிருந்து மூன்றாண்டுக்கு மேல் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் இல்லாமல் தனி அலுவலர்கள் நிர்வாகம் செய்தபோதும் வாக்காளர் வாக்காளராகத்தான் இருந்தார். மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, பத்தாயிரம் வரை 200, அதற்கு மேல் 300 பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். வரவு செலவு விவரத்தை அங்கே மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், மாநில நிதிக்குழு மானியம், மத்திய நிதிக்குழு மானியம் என்று ஒவ்வொன்றும் எவ்வளவு என்பது அதில் இருக்கும். பணத்தை எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவரின் கையொப்பமும் வேண்டும். கணக்கு ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விழுக்காடு நடத்தும்போது கற்பனைக் கடைக்காரரின் லாபநட்டத்தோடு உங்கள் ஊராட்சியின் வரவு செலவையும் ஒரு கணக்காகக் கொடுங்கள். பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டப்பட்ட நிதி. மீதி எவ்வளவு என்று ஏழாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும்.

கிராம சபையில் நான் திரும்பத் திரும்பக் கண்டது ஒன்று. மக்கள் கையில் மனுவோடு வருகிறார்கள். அதிகாரி வாங்கிக்கொள்கிறார், வீட்டுக்குப் போகிறார்கள். மனு ஒருவருடையது, அது பையில் தொலையலாம். தீர்மானம் ஊருடையது. புத்தகத்தில் எண்ணோடு ஏறி, வந்தவர்கள் கையெழுத்திட்டுவிட்டால் அடுத்த கூட்டத்தில் "அது என்ன ஆயிற்று" என்று எவரும் கேட்கலாம். இந்த வேறுபாடு என் வகுப்பில் ஒரு முழுப் பாடம்.

மழைக்காலத்தில் எங்கள் பள்ளி வாசலில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். காலனித் தெருப் பிள்ளைகள் அதைத் தாண்டித்தான் வர வேண்டும். மழை வலுத்தால் அவர்கள் வருவதில்லை. வருகைப் பதிவேட்டைப் புரட்டினாலே எந்தத் தேதியில் மழை என்று சொல்லிவிடலாம். வேண்டியது ஒரு சிறு பாலம். பிள்ளைகள் தீட்டிய படத்தில்தான் அது ஒன்றியச் சாலை என்று தெரிந்தது. ஊராட்சியிடம் மட்டும் கேட்டுப் பயனில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசினோம். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். உள்ளாட்சிப் பிரதிநிதிக்கும் அதில் இடமுண்டு. பதினோராவது அட்டவணையில் 17ஆவது பொருளே தொடக்க, இடைநிலைப் பள்ளிகள் அடங்கிய கல்விதான். நம்மில் பலருடைய பள்ளிப் பெயர்ப்பலகையே 'ஊராட்சி ஒன்றிய' என்றுதான் தொடங்குகிறது. ஆக, பள்ளிக்கும் ஊராட்சிக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்க முடியாது.

குழுவின் தீர்மான நகலைத் தலைமையாசிரியர் கிராம சபையில் வாசித்தார். எனக்கு அந்த ஊரில் வாக்கு இல்லை, ஓரமாகத்தான் உட்கார்ந்திருந்தேன். கூட்டத்தில் ஒருவர், "மனுவாக் குடுங்க, பார்க்கலாம்" என்றார். என் மாணவி ஒருத்தியின் பாட்டி எழுந்தார். "மனு வேணாம் தம்பி. புத்தகத்துல எழுதுங்க, நம்பரைச் சொல்லுங்க. எம் பேத்தி கேட்டுட்டு வரச் சொன்னா" என்றார். சிரித்தார்கள், எழுதினார்கள். ஒன்றியத்துக்கு அனுப்பியதற்கான கடித நகலும் பள்ளிக்கு வந்தது. நிதி ஒதுக்கீடு இன்னும் வரவில்லை. போன மழையிலும் அதே தண்ணீரில்தான் நடந்தார்கள்.

தீர்மானத்தின் எண்ணை வகுப்பறைச் சுவரில், ஊர்ப் படத்தின் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம். அடுத்த கிராம சபைக்குப் பாட்டியோடு இன்னும் நான்கு தாய்மார்கள் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.