இசக்கியின் கை

(எளாவூரில் மாணவர்களும் சிப்காட் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தலித் அரசியல் பேசுகிற கூட்டத்தில் வடிவேலுவைப் பற்றி என்ன பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். பஞ்சமி நிலம் இருக்கு, ஆலையில் ஒப்பந்தக் கூலிப் பிரச்சினை இருக்கு, அதையெல்லாம் விட்டுட்டு காமெடியனா? நியாயமான கேள்விதான். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. நம்ம சேரிக் குழந்தை எழுத்துக் கத்துக்கிறதுக்கு முன்னாடியே வடிவேலு மாதிரி மூஞ்சியைக் கோணிக் காட்டுது. ராத்திரி ஷிப்டு முடிஞ்சு வர்ற தொழிலாளி, சூப்பர்வைசர்கிட்ட வாங்கின ஏச்சை வீட்ல சொல்றப்போ வடிவேலு குரல்லதான் சொல்றான். அம்பேத்கர் எழுத்தைவிட, பெரியார் எழுத்தைவிட நம்ம வீட்டுக்குள்ள அதிக நேரம் இருக்கிற ஆள் அவர். அவரைப் பத்திப் பேசாம எப்படி?

சிரிப்பைப் பார்க்கும்போது நான் மூன்று கேள்விகளைக் கேட்பேன். யார் அடிக்கிறான், யார் அடி வாங்குகிறான், பார்த்துச் சிரிப்பவன் யார் பக்கம் நிற்கிறான். வடிவேலுவின் முப்பது வருடத்துக்கும் மேலான திரை வாழ்க்கையை இந்த மூன்று கேள்வியோடு பார்த்தால் வேறு ஒரு வரலாறு கிடைக்கிறது.

அதற்கு முன்னால் ஒரு பழைய செய்தி. 1949-இல் வந்த ‘நல்லதம்பி’ படத்தில் என்.எஸ். கிருஷ்ணன் ‘கிந்தனார்’ காலட்சேபம் செய்தார். நந்தனார் கதையை அப்படியே புரட்டிப் போட்டது அது. நந்தனுக்குச் சிதம்பரம் போக ஆசை. தீயில் இறங்கினால்தான் கோயிலுக்குள் இடம். கிந்தனுக்குப் படிப்பில் ஆசை. ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்து, அதிகாரியாகத் திரும்பி வருகிறான். தீயும் இல்லை, திருவடியும் இல்லை. அதைச் சொன்னவர் ஒரு சிரிப்பு நடிகர். கதாநாயகன் சொல்லத் துணியாததை அன்றைக்குக் கோமாளி சொன்னான். கிந்தன் ஏறின மாதிரி ரயில்தான் இன்னைக்கும் நம்ம எளாவூர் ஸ்டேஷன்ல நிக்குது. நம்ம பிள்ளைங்க அதுல ஏறித்தான் காலேஜுக்குப் போகுதுங்க.

எண்பதுகளில், தொண்ணூறுகளில் அந்த இடத்துக்கு என்ன ஆயிற்று? கவுண்டமணி-செந்தில் ஜோடி. நானும் விழுந்து விழுந்து சிரித்தவன்தான், மறைப்பதற்கில்லை. ஆனால் அந்தச் சிரிப்பில் பாதி, ஒருவனுடைய கறுப்பு நிறத்தையும் தலையையும் உடம்பையும் மிருகத்தோடு ஒப்பிட்டு ஏசுவதிலிருந்து வந்தது. ஏசுகிறவனும் கறுப்பு, ஏசப்படுகிறவனும் கறுப்பு. மேலே இருந்து வாங்கினதைக் கீழே இருக்கிறவன் தலையில் இறக்கி வைப்பது. சாதி அமைப்பின் படிக்கட்டு அப்படித்தானே இருக்கு? அம்பேத்கர் சொன்ன ஏணிப்படி ஏற்றத்தாழ்வை அந்தக் காமெடி நமக்குத் தினமும் ரெண்டு வேளை ஒளிபரப்பியது.

அந்தப் படிக்கட்டின் கடைசிப் படியில் வந்து நின்றவர்தான் வடிவேலு. மதுரைக்காரர். அப்பா கண்ணாடி அறுக்கும் தொழிலாளி. இவரும் படங்களுக்குக் கண்ணாடி போட்டு சட்டம் அடிக்கும் வேலை பார்த்தவர். சாமி படம், தலைவர் படம், செத்துப்போனவங்க படம் எல்லாம் அவர் கை வழியாப் போயிருக்கும். ராஜ்கிரண் மூலமாக 1991-இல் ‘என் ராசாவின் மனசிலே’ படத்தில் வந்தார். வந்த முதல் படத்திலேயே கவுண்டமணியிடம் அடி வாங்குகிற வேடம். செந்தில்கூட ஏற்கெனவே இடம் பிடித்துவிட்டார். இவர் அடி வாங்குகிற வரிசையில் புது ஆள். மெலிந்த உடம்பு, கறுப்பு, மதுரைப் பேச்சு.

அடுத்த வருடம் 1992. அந்த வருடத்தை ஞாபகம் வச்சுக்கங்க. பொங்கலுக்கு ‘சின்னக் கவுண்டர்’ வருது. அதில் வடிவேலுவுக்கு என்ன வேலை? கவுண்டருக்குக் குடை பிடிக்கிறது. படத்தின் பேரிலேயே சாதி. பக்கத்தில் குடை பிடித்தபடி பேர் நினைவில் நிற்காத ஓர் ஆள். அதே வருடம் தீபாவளிக்கு ‘தேவர் மகன்’. கமல்ஹாசன் எழுத, பரதன் இயக்கியது. தேசிய விருதுகள் வாங்கியது. அதில் வருகிற ஒரு பாட்டு, தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் மூண்ட ஆண்டுகளில் எதற்கெல்லாம் ஒலிபெருக்கியில் போடப்பட்டது என்பது அங்கே வாழ்ந்த நம் மக்களுக்குத் தெரியும்.

அந்தப் படத்தில் வடிவேலுவின் பேர் இசக்கி. பெரிய வீட்டு வேலையாள். லண்டனில் படித்துவிட்டு வந்த சின்ன எசமான், பூட்டிக் கிடக்கும் கோயிலைப் பார்க்க ஆசைப்படுகிறார். அவர் தூண்டிவிட இசக்கி பூட்டை உடைக்கிறான். அண்ணன் தம்பி பங்காளிச் சண்டையில் பூட்டின கோயில் அது. ஊர் பற்றி எரிகிறது. கடைசியில் வெட்டுப்பட்டது யார் கை? திறக்கச் சொன்னவர் கை பத்திரமா இருக்கு. திறந்தவன் கை போச்சு.

இதோடு முடிந்திருந்தால்கூட, ஊரில் நடப்பதைக் காட்டினார்கள் என்று விட்டுவிடலாம். அடுத்த காட்சிதான் முக்கியம். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற இசக்கி, பார்க்க வந்த எசமான் மனசு வருந்தக் கூடாதேன்னு, தன் கை போனதையே வேடிக்கையாப் பேசுறான். தியேட்டரில் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தது. வடிவேலு பெரிய நடிகர் என்று ஊர் அறிந்த காட்சியும் அதுதான். எனக்கு அந்தக் காட்சியில் நடிப்பின் மேல் மரியாதை உண்டு, எழுத்தின் மேல் கோபம் உண்டு. வெட்டுப்பட்டவனே வெட்டுக்குக் காரணமானவரைத் தேற்ற வேண்டும் என்பது என்ன நியாயம்? போன கைக்குக் கேஸ் உண்டா, நஷ்டஈடு உண்டா? இசக்கி என்ன சாதி என்று படம் வாய் திறக்கவில்லை. இசக்கி தனக்காக ஒரு சொட்டு கோபப்படுவதையும் படம் விரும்பவில்லை.

இனி வேறொரு வடிவேலு. 1997 ஜனவரியில் சேரனின் ‘பாரதி கண்ணம்மா’ வந்தது. தலித் பண்ணையாள், தேவர் வீட்டுப் பெண் காதல். அதிலும் இவர் இருக்கிறார். அதே வருடம் ஜூன் 30-இல்தான் மேலவளவில், தனித்தொகுதியில் ஜெயித்து ஊராட்சித் தலைவரான குற்றத்துக்காக முருகேசனும் இன்னும் ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். இந்தப் பக்கம் அரிவாளைத் தூக்கிப் பிடித்து, மீசையை முறுக்கி, மண்ணின் வீரம் பேசுகிற படங்கள் வரிசையா வந்துட்டிருக்கு. அந்தக் காலத்துக்குப் பதில் மாதிரி 2003-இல் ‘வின்னர்’ படத்தில் கைப்புள்ள வந்தான்.

கைப்புள்ளக்கும் பெரிய மீசை. சங்கம் வச்சிருக்கான். பின்னாடி அடியாள் கூட்டம். வாய் நிறைய வீரம். அடி விழுந்தால் ஒண்ணும் நிக்காது. அடி வாங்கிட்டு வந்து மறுபடி அதே வீரம் பேசுவான். மதுரை வட்டாரப் பேச்சை வைத்துத்தான் சினிமாவில் அரிவாள் வீரம் விற்றார்கள். அதே பேச்சை வைத்து வடிவேலு அந்த வீரத்தின் காற்றைப் பிடுங்கி விட்டார். திட்டமிட்டுச் செய்தாரா, அரசியல் தெரிந்து செய்தாரா என்பது எனக்கு இரண்டாம் பட்சம். ஆண்ட பரம்பரை என்று யாராவது போஸ்டர் அடித்தால் நம்ம பையன்கள் கைப்புள்ள படத்தைத்தான் பதிலாப் போடுறாங்க. இதுக்கு மேல என்ன விமர்சனம் வேணும்?

2006-இல் ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’. சிம்புதேவன் இயக்கம், ஷங்கர் தயாரிப்பு. குடை பிடித்த ஆள் இப்ப ராஜா. எப்பேர்ப்பட்ட ராஜா? ஓவியனிடம் வேறொருவனுடைய கட்டுமஸ்தான உடம்பை வரையச் சொல்லி, அதன் மேல் தன் தலையை வைத்துக்கொள்கிறவன். ஊர் ஊராக மாட்டியிருக்கிற ராஜபரம்பரைப் படங்களை நினைச்சுக்கங்க. அப்படிப்பட்ட படங்களுக்குச் சட்டம் அடித்த கைதான் இது! அந்த அரசன் சாதிச் சண்டைக்கென்றே ஒரு மைதானம் திறந்து வைக்கிறான். உள்ளே போய் வெட்டிக்கொள்ளுங்கள், அரசுக்கு வருமானம். வெள்ளைக்காரன் பானத்துக்கு விளம்பரமும் செய்கிறான். ஓட்டுக்காக எல்லாச் சாதிச் சங்க மாநாட்டுக்கும் போய் வருகிற ஆட்சியாளர்களைப் பற்றி இதைவிடக் கூர்மையாக ஒரு வெகுசன சினிமா பேசியதாக எனக்கு நினைவில்லை.

‘ஃப்ரெண்ட்ஸ்’ (2001) படத்துக் காண்டிராக்டர் நேசமணியையும் சொல்லியாகணும், ஆலைத் தோழர்கள் இருக்கிறதால. இங்கே மேலே இருப்பது காண்டிராக்டர், கீழே கூலியாட்கள். சுத்தியல் விழுவது காண்டிராக்டர் தலையில். நிஜத்தில் எப்பவும் நம்ம தலையில விழுறது அங்க எதிர்ப்பக்கம் விழுது. ரோலிங் மில்லில் வேலை செய்கிறவன் அந்தக் காட்சியை நூறாவது தடவையும் பார்ப்பதில் ஒரு நியாயம் இருக்கு. 2019 மே மாதம், பதினெட்டு வருடம் கழித்து, அந்தச் சுத்தியல் அடிக்காக நேசமணி பிழைக்க வேண்டுமென்று இணையத்தில் உலகமே வேடிக்கையாக வேண்டிக்கொண்டது. அந்த நேரத்தில் வடிவேலு கையில் படமே இல்லை. 2011 தேர்தலில் தி.மு.க.வுக்காக, 1992-இல் தான் குடை பிடித்த அதே விஜயகாந்தைத் தாக்கிப் பிரச்சாரம் செய்தார். விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். வடிவேலுவுக்கு வாய்ப்புகள் வறண்டன. பிறகு புலிகேசி இரண்டாம் பாகத் தகராறில் 2021 வரை தடை. நடித்தவனுக்கு வேலை இல்லை, அவன் முகத்துக்கு மட்டும் செல்போன் செல்போனாக ஓய்வில்லாத வேலை. காசும் கிடையாது!

எல்லாவற்றையும் புகழ வரவில்லை நான். வடிவேலு காமெடியில் கறுப்பான பெண்களைக் கேலி செய்தது உண்டு, திருநங்கைகளை இழிவாக்கியது உண்டு, மனநலம் பாதித்தவர்களை வைத்துச் சிரிக்க வைத்தது உண்டு. அங்கெல்லாம் அவரும் பழைய படிக்கட்டில்தான் நிற்கிறார். அடி வாங்கின உடம்புக்கும் அடிக்கக் கை நீளும். அதை நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

இப்ப ‘மாமன்னன்’. 2023 ஜூன் 29. படம் வெளிவருவதற்கு முன் நடந்த இசை வெளியீட்டு விழாவில், கமல்ஹாசனை மேடைக்கு எதிரில் வைத்துக்கொண்டே, ‘தேவர் மகன்’ இசக்கிதான் இந்த மாமன்னன் என்று மாரி செல்வராஜ் பேசினார். முப்பத்தோரு வருடத்துக்கு முந்தின கணக்கை அந்தப் பேச்சு திறந்தது. இசக்கியை எழுதியவர்கள் அவனுக்குக் கொடுக்காத மகனை, கோபத்தை, துக்கத்தை இந்தப் படம் கொடுத்தது.

மாமன்னன் தனித்தொகுதி எம்.எல்.ஏ. ஆனால் கட்சிக்காரன் வீட்டில் அவருக்கு நாற்காலி கிடையாது. இதைக் கற்பனை என்று யாராவது சொன்னால் நம்ம கும்மிடிப்பூண்டி ஒன்றியத்துக்குக் கூட்டிட்டு வாங்க. 2020 ஆகஸ்ட் 15-இல் ஆத்துப்பாக்கம் ஊராட்சித் தலைவரான தலித் பெண், தேசியக் கொடி ஏற்ற விடாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளியே வந்து, ஐந்து நாள் கழித்து மாவட்ட ஆட்சியர் நேரில் நின்று அவரைக் கொடியேற்ற வைத்தார். அதே வருடம் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் ஊராட்சித் தலைவரைத் தரையில் உட்கார வைத்த படம் நாடெல்லாம் பரவியது. மகன் அப்பாவைப் பார்த்து, உட்காருங்க என்று சொல்லும் அந்தக் காட்சியில் வடிவேலு உடம்பைப் பாருங்க. உட்கார முடியவில்லை. கால் மடங்க மறுக்குது. முப்பது வருஷமா கூனி, குழைஞ்சு, அடி வாங்கி நம்மைச் சிரிக்க வச்ச அதே உடம்பு, அதே அசைவுதான். இந்தத் தடவை தியேட்டரில் ஒருத்தர்கூடச் சிரிக்கல.

கிணற்றில் குளித்த சிறுவர்களைக் கல்லால் அடித்துக் கொன்ற பிறகு, மகனுக்கு நியாயம் வாங்கித் தர முடியாத தகப்பனாக மலை மேல் நின்று அவர் அழும் இடமும் அப்படித்தான். அங்கே யாரையும் தேற்ற வேண்டிய கட்டாயம் இல்லை அவருக்கு. இசக்கி ஆஸ்பத்திரியில் அழ வேண்டிய அழுகை அது.

படத்தின் மேல் எனக்குக் குறைகள் உண்டு. கடைசியில் மாமன்னன் சபாநாயகர் ஆகிறார். 2012 முதல் 2021 வரை ப. தனபால் அந்த நாற்காலியில் இருந்தார். சேரியில் என்ன மாறிற்று என்று கேட்கிற உரிமை நமக்கு இருக்கிறது. படம் இணையத்துக்கு வந்த பிறகு நடந்ததும் தெரியும். வில்லன் ரத்னவேலு காட்சிகளை வெட்டி எடுத்து, தங்கள் சாதிப் பாட்டை அதன் மேல் ஒட்டிக் கொண்டாடினார்கள் ஆதிக்கச் சாதி இளைஞர்கள். நாயைக் கொல்லுகிறவனை நாயகனாக்கிக்கொள்ள அவர்களால் முடிகிறது. திரையில் என்ன காட்டினாலும் யார் எங்கே உட்கார்ந்து பார்க்கிறான் என்பது வேறு கணக்கு.

அதனால் மாணவத் தோழர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். அடுத்த வாரம் ‘தேவர் மகன்’, ‘புலிகேசி’, ‘மாமன்னன்’ மூன்றையும் இங்கேயே திரை கட்டிப் போடுவோம். சேரிப் பெண்களைக் கூப்பிடுங்க, வடநாட்டிலிருந்து வந்து மில்லில் வேலை செய்கிற தோழர்களையும் கூப்பிடுங்க. மொழி தெரியாட்டியும் வடிவேலு முகம் புரியும். எங்கே சிரிச்சாங்க, எங்கே சிரிக்கல, ஏன்னு கேட்டு எழுதிட்டு வாங்க. இரண்டாம் ஷிப்டுக்குப் போறவங்க கிளம்பணும்னு கைகாட்டுறாங்க. மத்தவங்க கேள்வி கேளுங்க.