சூரைச் செடியின் அடியில் ஓர் அப்பம்

பொதுக்காலம் 19ஆம் ஞாயிறு – வானொலி மறையுரை
வாசகங்கள்: 1 அரசர் 19:4-8, எபேசியர் 4:30 – 5:2, யோவான் 6:41-51



இன்றைய முதல் வாசகத்தில் ஓர் இறைவாக்கினர் சாக விரும்புகிறார். கர்மேல் மலையில் பாகாலின் பொய்வாக்கினர் நானூற்றைம்பது பேருக்கு முன்னால் தனியொருவராய் நின்று வென்ற அதே எலியாதான் அவர். அரசி ஈசபேல் அவருடைய உயிருக்கு நாள் குறித்ததும் ஓடுகிறார். பணியாளரைப் பெயேர்செபாவில் விட்டுவிட்டு, பாலைநிலத்தில் ஒரு நாள் முழுவதும் தனியே நடக்கிறார். ஒரு சூரைச் செடியின் அடியில் உட்கார்ந்து, தாம் வாழ்ந்தது போதும், உயிரை எடுத்துக்கொள்ளும் என்று ஆண்டவரிடம் கேட்கிறார். பிறகு அங்கேயே படுத்துத் தூங்கிவிடுகிறார்.

ஆண்டவர் அவரைக் கண்டிக்கவில்லை. நம்பிக்கை குறைந்துவிட்டது என்று குற்றம் சாட்டவுமில்லை. ஒரு தூதரை அனுப்பித் தொட்டு எழுப்பினார். கண் திறந்தபோது தலைமாட்டில் சூடான கல்லில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் இருந்தன. எலியா சாப்பிட்டார், மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதர் சலிக்காமல் இரண்டாம் முறையும் வந்தார். அதற்குப் பிறகுதான் எலியா எழுந்து, நாற்பது பகலும் நாற்பது இரவும் நடந்து, ஓரேபு மலையை அடைந்தார்.

இந்தச் சூரைச் செடி நம் வீடுகளிலும் இருக்கிறது. 1983க்குப் பிறகு ஊரையும் உறவையும் விட்டு இந்தக் கனடா நாட்டுக்கு வந்த தலைமுறை நாம். போரில் பிள்ளையை இழந்தவர்கள், காணாமற் போனவரை இன்னும் தேடுகிறவர்கள், இரண்டு வேலை செய்து களைத்தவர்கள், நீண்ட பனிக்காலத்தில் நாலு சுவருக்குள் முடங்கிப் போகும் முதியவர்கள் நம்மிடையே உண்டு. நித்திரை இல்லை, சாப்பாட்டில் விருப்பம் இல்லை, கோவிலுக்கு வரவும் மனமில்லை. இது மனச்சோர்வு என்னும் நோய். நாமோ அதற்கு அந்தப் பெயரைச் சொல்லவே கூசுகிறோம். ‘கனக்க யோசிக்கிறா’ என்கிறோம். ‘செபமாலை சொன்னால் சரியாகிவிடும்’ என்கிறோம். 2003 நவம்பரில் வத்திக்கானில் மனச்சோர்வு பற்றியே ஒரு பன்னாட்டு மாநாடு நடந்தது. திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் அதில் உரையாற்றினார். திருஅவை வெட்கப்படாமல் பேசிய நோயைப் பற்றி நாம் ஏன் காதோடு காதாகப் பேச வேண்டும்?

இப்போது நம் மக்களிடையே ஒரு புதிய கேள்வி எழுந்திருக்கிறது. ‘கஞ்சா எண்ணெய் மனச்சோர்வுக்கு நல்லதாமே, எடுத்துப் பார்க்கலாமா? அது பாவமா?’ கோவில் வாசலிலும் கேட்கிறார்கள், தொலைபேசியிலும் கேட்கிறார்கள். இங்கே மருத்துவத்துக்காகக் கஞ்சா பயன்படுத்த 2001ஆம் ஆண்டிலிருந்தே வழி உண்டு. 2018 ஒக்டோபர் 17 முதல் வயது வந்தவர்கள் கடையிலேயே வாங்கலாம். ஆகவே கேள்வி இயல்பானது. கேட்கிறவர்களை முறைத்துப் பார்ப்பதைவிட, அவர்களோடு சேர்ந்து சிந்திப்பது நம் கடமை.

முதலில் திருஅவையின் நிலைப்பாடு. போதைப்பொருள் பயன்பாடு உடல்நலத்துக்கும் உயிருக்கும் பெருங்கேடு, அது கனமான தவறு என்று கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 2291ஆம் பகுதி கற்பிக்கிறது. ஆனால் அதே இடத்தில், கண்டிப்பான மருத்துவக் காரணத்துக்காகப் பயன்படுத்துவதை அது விலக்கி வைக்கிறது. 1957 பிப்ரவரியில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மயக்க மருந்து வைத்தியர்களிடம் பேசியபோது, கடும் வேதனையைத் தணிக்க வலுவான மருந்துகளைக் கொடுப்பது தகும் என்று தெளிவுபடுத்தினார். சிலுவையில் அறையுமுன் கொடுக்கப்பட்ட வெள்ளைப்போளம் கலந்த திராட்சை மதுவை நம் ஆண்டவர் ஏற்கவில்லை. அது அவர் நமக்காக விரும்பி ஏற்ற பலி. அதைக் காட்டி, நோயுற்ற சகோதரியின் மருந்தை நாம் பறிக்க முடியாது. மருத்துவரைப் படைத்தவரும் ஆண்டவரே, மண்ணிலிருந்து மருந்தை விளைவிப்பவரும் அவரே என்று சீராக்கின் ஞானநூல் 38ஆம் அதிகாரம் நமக்குச் சொல்கிறது.

எனவே ஒரு செடி நல்லதா கெட்டதா என்பதை மட்டும் கேட்டால் போதாது. இந்த நோய்க்கு அது உண்மையிலேயே மருந்தாகிறதா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. இங்கேதான் நாம் நிதானமாக இருக்க வேண்டும்.

கஞ்சாவில் பல பொருள்கள் உண்டு. மயக்கத்தைத் தருவது டிஎச்சி; சிபிடி என்பது அப்படிப் போதை தராதது. சில அரிய வகை வலிப்புக்குச் சிபிடி மருந்து 2018இல் அமெரிக்காவில் ஏற்பு பெற்றது. அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் 2017இல் வெளியிட்ட அறிக்கை, பெரியவர்களின் நாட்பட்ட வலிக்கும், புற்றுநோய்ச் சிகிச்சையால் வரும் குமட்டலுக்கும் இவ்வகைப் பொருள்கள் உதவுவதற்கு நல்ல சான்று உண்டு என்றது. வைத்தியரின் சொற்படி அவற்றை எடுக்கும் நோயாளி நம் பங்கில் இருந்தால், அவரைப் பற்றிக் கதைப்பதற்கு நமக்கு ஒன்றுமில்லை.

மனச்சோர்வுக்கோ நிலைமை வேறு. அதே அறிக்கை அந்த அளவு நம்பிக்கை தரவில்லை. கனடா அரசின் சுகாதாரத்துறை எந்தக் கஞ்சாப் பொருளையும் மனச்சோர்வுக்கான மருந்தாக ஏற்றுக்கொள்ளவில்லை. 2018இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தினர், மருத்துவத்துக்காகக் கஞ்சா எடுப்போர் ஒரு கைப்பேசிச் செயலியில் தாங்களே பதிந்துவந்த குறிப்புகளை ஆராய்ந்தார்கள். எடுத்த உடனே மனப்பாரம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததாகப் பலர் பதிந்திருந்தார்கள். ஆனால் காலம் செல்லச் செல்ல, எடுக்காத வேளையில் இருந்த சோர்வு கூடியிருந்ததையும் ஆய்வாளர்கள் கண்டார்கள்.

இதை நாம் புரிந்துகொள்ள வேண்டும். ‘எடுத்தேன், மனம் லேசானது’ என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அன்றிரவு லேசானது உண்மை. ஆனால் நாள்தோறும் எடுத்தால் உடல் பழகிக்கொள்கிறது; அளவு கூடுகிறது. நிறுத்தினால் எரிச்சல், நித்திரையின்மை, மனவாட்டம் வருகின்றன. பழைய நோய்தான் திரும்பிவிட்டது என்று எண்ணி, மறுபடியும் அதையே தேடுகிறோம். இளையோருக்கு ஆபத்து இன்னும் அதிகம். மனித மூளை இருபத்தைந்து வயதுவரை வளர்கிறது. விடலைப் பருவத்தில் கஞ்சா பயன்படுத்தியவர்களுக்குப் பிற்காலத்தில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடுகிறது என்று 2019இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. மொன்றியலில் உள்ள மக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று, இருபத்து மூவாயிரத்துக்கு மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்துச் செய்த ஆய்வு அது. குடும்பத்தில் மனச்சிதைவு நோயோ இருமுனை மனநோயோ இருந்தால் டிஎச்சி மிகவும் ஆபத்தானது.

அன்புக்குரியவர்களே, இனி நாம் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

முதலாவது, மனச்சோர்வுக்கு வைத்தியர் தந்த குளிசையை நாமாக நிறுத்தக்கூடாது. அந்தக் குளிசைகள் வேலைசெய்யச் சில வாரங்கள் எடுக்கும். பலர் அதற்குள் மனம் தளர்ந்து, ‘இயற்கை மருந்து’ என்று எண்ணெய்க்கு மாறிவிடுகிறார்கள். திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்று, குமட்டல், நடுக்கம் வரலாம்; சோர்வும் முன்னிலும் பலமாகத் திரும்பலாம்.

இரண்டாவது, ஏற்கெனவே எடுக்கிறவர்கள் அதை வைத்தியரிடம் மறைக்கக்கூடாது. சிபிடி சில மனச்சோர்வுக் குளிசைகளின் அளவை இரத்தத்தில் கூட்டிவிடக்கூடும். கடையில் நின்று விற்கும் பிள்ளை வைத்தியரும் அல்ல, மருந்தாளரும் அல்ல. வெட்கப்பட்டு மறைப்பதால்தான் கேடு வருகிறது. வைத்தியர் நம்மைத் தீர்ப்பிட அங்கே உட்காரவில்லை. ஒப்புரவு அருட்சாதனத்தில் குருவானவரும் அதற்காக உட்காரவில்லை.

மூன்றாவது, வீட்டில் இருக்கிறவர்களுக்கு. மகனின் அறையில் அந்த மணம் வந்தால் நாம் முதலில் கத்துகிறோம். ‘குடும்ப மானம் போச்சு’ என்கிறோம். அவன் எதற்காக அதைத் தேடினான் என்று கேட்பதில்லை. தூதர் எலியாவை எழுப்பியபோது முதலில் தொட்டார், பிறகு சாப்பாடு வைத்தார், அதற்குப் பிறகுதான் பயணத்தைப் பற்றிப் பேசினார். இந்த வரிசையை நாம் கற்றுக்கொள்ள வேண்டும். இரண்டாம் முறையும் வரப் பொறுமை வேண்டும். சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் படுத்த எலியாவைத் தூதர் சோம்பேறி என்று சொல்லவில்லை.

வாழ்வு போதும் என்ற எண்ணம் யாருக்காவது வந்தால், அதை இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். நாடெங்கும் 988 என்ற எண்ணுக்கு, பகலோ இரவோ, அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். பக்கத்தில் இருக்கிறவர் அவரைத் தனியே விடாமல் கூடவே இருக்கட்டும். தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று பயப்பட வேண்டாம். அன்போடு கேட்பது ஒருவரைக் காப்பாற்றலாம்.

இன்றைய நற்செய்தியில் இயேசு தம்மையே விண்ணிலிருந்து இறங்கி வந்த உணவாகத் தருகிறார். இந்த உணவை உண்கிறவர்களுக்கு மனச்சோர்வு வராது என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் எலியாவுக்கும் பல புனிதர்களுக்கும் அநீதி செய்வோம். பயணம் நீளமானது என்று அறிந்தவர் தருகிற உணவு இது. நோய் நீங்கிய பிறகு வா என்று அவர் சொல்வதில்லை. செடியின் அடிக்கே கொண்டுவந்து தருகிறார். குளிசையைக் கையில் வைத்துக்கொண்டும் நற்கருணைக்கு வரலாம். செபிக்க வார்த்தை வராதவர் 88ஆம் திருப்பாடலை எடுத்துப் படிக்கலாம். அந்தச் செபம் இருளிலேயே முடிகிறது. அதையும் திருஅவை செபமாகவே வைத்திருக்கிறது.

இந்த வாரம் நாம் ஒரு காரியம் செய்வோம். சில ஞாயிறுகளாகக் கோவிலில் காணாத ஒருவரை நினைத்துப் பார்ப்போம். புத்திமதி சொல்லப் போக வேண்டாம். கொஞ்சம் சாப்பாடு கொண்டு போவோம். பக்கத்தில் சிறிது நேரம் இருப்போம். விரும்பினால் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போவோம். அடுத்த வாரமும் போவோம்.

செபிப்போமாக. இரக்கமுள்ள தந்தையே, சோர்ந்து படுத்திருக்கும் உம் பிள்ளைகளைத் தொட்டு எழுப்பும். அவர்களுக்கு ஏற்ற வைத்தியரையும், தகுந்த மருந்தையும், பொறுமையுள்ள உறவினரையும் தந்தருளும். ஒருவர் ஒருவருக்கு உம் தூதராக இருக்க எங்களுக்குக் கற்றுத்தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.