படகின் அடியில் நீர் கசிகிறதா?

ஆற்றுத் திட்டுகளில் பயிர் செய்வோர் உரமூட்டையையும் ஆட்களையும் படகில் ஏற்றிச் செல்வதுண்டு. அடியில் கசிந்து தேங்கும் நீர் மூட்டையை நனைப்பதோடு நிற்பதில்லை. படகு சாயும் பக்கமே அந்நீரும் ஓடி, சாய்வை அதிகமாக்கிக் கவிழ்த்துவிடக்கூடும். ஆகவே கசிவை உடனே அடைப்பது அவசியம்.

எதைக் கொண்டு அடைப்பது? படகு எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது அது.

மரப்பலகை நீரில் ஊறி உப்பும். வெயிலில் காய்ந்து சுருங்கும். ஆகவே இடுக்கில் பஞ்சுத்திரியைத் திணித்து, வளைந்து கொடுக்கும் பூச்சைப் பூச வேண்டும். குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவது பழைய வழக்கம். சிமெண்டு பூசினால் பலகை அசையும்போது வெடித்துவிடும். நெடுநாள் கரையில் காய்ந்த படகானால், முதலில் நீரில் ஊறவிட்டுப் பாருங்கள். சிறு கசிவு தானே நின்றுவிடலாம்.

கண்ணாடியிழைப் படகில், திருகாணியும் குழாயும் பொருந்தும் இடங்களுக்குப் பாலியூரித்தேன் பசை ஏற்றது. அது காய்ந்த பிறகும் ரப்பர்போல் வளையும். நீர்மட்டத்துக்குக் கீழே சிலிக்கோன் பசை வேண்டாம். அதன் பிசுக்கு தங்கிய இடத்தில் வேறு பூச்சு சரியாக ஒட்டாது. படகின் உடலிலேயே விரிசல் கண்டால் பசை போதாது. அவ்விடத்தைத் தேய்த்தெடுத்து, கண்ணாடியிழைப் பாயை ரெசினில் தோய்த்து ஒட்ட வேண்டும்.

எதைப் பூசினாலும், பழைய பூச்சைச் சுரண்டி, எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, நன்கு உலர்த்திக் கொள்ளுங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே பயன்படுத்தலாம் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். அதில் குறித்த நேரம் காய்ந்த பிறகே படகை நீரில் இறக்குங்கள்.