விரித்த கையும் விழித்த கண்ணும்



2016இல் முந்தைய மன்றங்களின் காலம் முடிந்தபின், சேலம் மாநகராட்சியும் நாமக்கல் நகராட்சியும் ஐந்தாண்டுக்கு மேலாக அலுவலர் கையிலேயே கிடந்தன. 22.2.2022 அன்றுதான் வாக்குகள் எண்ணப்பெற்றுச் சேலத்தின் 60 கோட்டங்களிலும் வென்றோர்க்குச் சான்றிதழ் வழங்கப்பெற்றது.

இவ்வாறு முடிவறிந்து சான்றளிக்கும் முறையை மேலையரிடம் கற்றோம் என்பார் உளர். உண்மை அஃதன்று. கயிற்றால் பிணித்த குடத்தினின்று ஓலையெடுக்கும் வழக்கம் அகநானூற்றின் 77ஆம் பாட்டிலேயே காணப்படுகின்றது. கி.பி. 921ஆம் ஆண்டின் உத்தரமேரூர்க் கல்வெட்டோ, குடத்தை அவை காணத் தூக்குக. ஒன்றுமறியாச் சிறுவன் ஓலை எடுக்க. நடுவன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதை வாங்கிப் படிக்க. கோயில் நம்பியரும் படிக்க. அதன் பின்னரே பெயரெழுதுக என்கின்றது.

ஆயின், அவ்வவை நிலமுடைய, மறையோதிய பார்ப்பனர்க்கே உரியதாயிருந்தது. உழுதவன் பெயர் அக்குடத்தில் விழவில்லை. இன்றோ 18 அகவை நிறைந்த அனைவர்க்கும் வாக்குண்டு. அன்றில்லாத இவ்வுரிமையோடு அன்றிருந்த அவ்விரித்த கையும் சேரவேண்டும்.

சான்றிதழின் கையொப்பம், ஊரார் கண்டதற்கு அடையாளமே. எண்ணுமிடத்தில் நம் முகவர்கள் விழித்திருக்கட்டும். முடிவு தமிழில் உரக்கப் படிக்கப்படட்டும். தேர்தலைத் தள்ளிப்போடுவோரை இனி ஊர் பொறுக்காதிருக்கட்டும்!