வைத்தியமும் ஏரித் தண்ணி மாதிரி பொதுவா இருக்கணும்

(செலியமேட்டில் நடந்த நம் மகளிர் சுய உதவிக் குழுக்கள் கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், ஓய்வுபெற்ற கிராமச் செவிலியரும் குழு உறுப்பினருமான ஒருவர் ஆற்றிய உரை. பேசியபடியே எழுதப்பட்டது.)



எனக்கு மேடையில பேசிப் பழக்கம் இல்லை. ஊசிப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு இந்தப் பாகூர் கொம்யூன்ல வீடு வீடா நடந்தவ நான். இங்க இருக்கிற நிறைய பேரோட பிள்ளைங்களுக்கு முதல் சொட்டு மருந்து நான்தான் ஊத்தியிருப்பேன். அந்த உரிமையில நாலு வார்த்தை பேசுறேன்.

போன கூட்டத்துல ஒரு யோசனை வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "நம்ம உறுப்பினர் எல்லாரும் சேமிப்புல இருந்து ஆளுக்கு ஒரு தொகை போட்டு, ஒரு தனியார் கம்பெனியில மருத்துவக் காப்பீடு எடுத்துட்டா என்ன?" இதுதான் யோசனை. நல்ல மனசோட வந்தது. ஏன் வந்ததுன்னும் எனக்குத் தெரியும். நம்ம குழுக்களோட கடன் பதிவேட்டை எடுத்துப் பாருங்க. 'கடன் வாங்கும் நோக்கம்' என்கிற இடத்தில் மாடு, தையல் மெஷின், வீடு ரிப்பேர்னு எழுதியிருக்கும். எழுதுறது மாடு, பணம் போறது ஆஸ்பத்திரிக்கு. எந்தக் குழுவுல எத்தனை மாடு இப்படி ஆஸ்பத்திரிக்குப் போச்சுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். அதனால பயம் இருக்கு. பயம் நியாயமானது. ஆனா அந்தப் பயத்துக்கு மருந்து தனியார் காப்பீடு இல்லைன்னு சொல்லத்தான் நான் இங்க நிக்கிறேன்.

முதல்ல என் வீட்டுக் கதையைச் சொல்லிடுறேன். என் நாத்தனார் ஒரு கம்பெனியில பாலிசி எடுத்தாங்க. வருஷத்துக்குப் பதினாலாயிரம். ரெண்டு வருஷம் ஒரு நாள் தவறாம கட்டினாங்க. மூணாவது வருஷம் நெஞ்சுவலி. தனியார் ஆஸ்பத்திரியில சேர்த்தோம். பில் ஒரு லட்சத்து எண்பதாயிரம். கம்பெனியில இருந்து பதில் வந்தது: "உங்களுக்கு ஏற்கெனவே ரத்த அழுத்தம் இருந்திருக்கிறது. படிவத்தில் அதை மறைத்திருக்கிறீர்கள். பணம் தர முடியாது." அவங்க மறைக்கல. படிவத்தை எழுதினது ஏஜெண்டு. கையெழுத்து மட்டும்தான் அவங்க போட்டது. பி.பி. மாத்திரை சாப்பிட்டது உண்மை, அதை அவர் கேட்கவும் இல்லை, எழுதவும் இல்லை. கடைசியில தாலிக்கொடி அடகுக்குப் போச்சு. மீதியைக் குழுவுல கடன் வாங்கினாங்க. நோக்கம் என்ன எழுதினோம்? மாடு.

இது ஒரு கம்பெனியோட குணம்னு நினைச்சுடாதீங்க. அந்த வியாபாரமே அப்படித்தான் நடக்குது. பாலிசி எடுத்த முதல் 30 நாளுக்கு, விபத்தைத் தவிர வேறெதுக்கும் பணம் வராது. ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு 3 வருஷம் வரைக்கும் காத்திருக்கச் சொல்லலாம். சில பாலிசியில அறை வாடகைக்கு ஒரு வரம்பு இருக்கும். அதைத் தாண்டின அறையில படுத்தா, வாடகையை மட்டும் இல்லை, டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் செலவுன்னு பில்லையே அந்தக் கணக்குல வெட்டுவாங்க. வயசு ஏற ஏற கட்டுற தொகையும் ஏறும். அதாவது, வைத்தியம் எப்ப அதிகமா தேவைப்படுமோ அப்பத்தான் பாலிசி நம்ம கைக்கு எட்டாமப் போகும்.

நம்ம குழுவை இதோட ஒப்பிட்டுப் பாருங்க. மாசாமாசம் சேமிப்பு போடுறோம். யாருக்கு முதல்ல கடன் கொடுக்கிறோம்? யாருக்குக் கஷ்டம் அதிகமோ அவங்களுக்கு. கம்பெனி என்ன செய்யுது? யாருக்கு நோய் அதிகமோ அவங்களை முதல்ல வடிகட்டுது. நம்ம குழுவுல வர்ற வட்டி நமக்கே திரும்புது. கம்பெனியில நாம போடுற காசுல ஏஜெண்டு கமிஷன், விளம்பரம், முதலாளி லாபம் எல்லாம் போக மீதிதான் நோயாளிக்கு. ரெண்டுமே 'பலர் சேர்ந்து போடுற பணம்'தான். ஆனா ஒண்ணு உறவு, ஒண்ணு வியாபாரம்.

"சரி, அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருக்கே, அது போதாதா?" என்று சிலர் கேட்டீங்க. அந்த அட்டை வேற. ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2018 செப்டம்பர் 23-ஆம் தேதி தொடங்கினது. தகுதியுள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரைக்கும் சிகிச்சை. நாம பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. பழைய நோயைக் காரணம் காட்டித் தள்ள முடியாது. 70 வயசு ஆனவங்களுக்கு 2024-ல இருந்து வருமானம் பார்க்காமலே உண்டு. தகுதி இருக்கிறவங்க கட்டாயம் எடுத்து வெச்சுக்குங்க, வீட்டுப் பெரியவங்களுக்கும் எடுத்துக் கொடுங்க. ஆனா அதுவும் பெட்டுல படுத்தாத்தான் பேசும். சேர்றதுக்கு முன்னாடி 3 நாள், வீட்டுக்கு வந்த பிறகு 15 நாள் செலவு அதுல அடங்கும். அவ்வளவுதான். மாசாமாசம் வாங்குற சர்க்கரை மாத்திரைக்கு? ரத்தப் பரிசோதனைக்கு? ஆட்டோ செலவுக்கு? போன நாள் கூலிக்கு? நம்ம கை காசு கரையறது பெரிய ஆபரேஷன்ல மட்டும் இல்லை. சொட்டு சொட்டா, மருந்துக் கடையிலயும் கரையுது.

நம்ம பக்கத்து மாநிலத்தைப் பாருங்க. தமிழ்நாட்டுல 2009-லேயே அரசு செலவுல காப்பீட்டுத் திட்டம் கொண்டு வந்தாங்க. இன்னைக்கும் வேற பேர்ல நடக்குது. பலருக்கு ஆபரேஷன் நடந்தது, நல்லதுதான். அப்புறமும் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளி கிராமத்துல 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று இன்னொரு திட்டம் தொடங்க வேண்டி வந்தது. வீட்டுக்கே போய் பி.பி., சர்க்கரை பார்த்து, மாத்திரையைக் கையில கொடுக்கிற திட்டம். வீடு வீடா போற தன்னார்வலர்கள் யார் தெரியுமா? நம்மள மாதிரி சுய உதவிக் குழுப் பெண்கள். ஏன் இது தேவைப்பட்டது? காப்பீடு நெஞ்சுவலி வந்த பிறகு பணம் கட்டும். நெஞ்சுவலி வராமப் பார்த்துக்கிறது அந்த மாத்திரைதான். என் நாத்தனாருக்கு மாசாமாசம் பி.பி. பார்த்து, மாத்திரை விடாம கிடைச்சிருந்தா, ஒருவேளை அந்தப் பில்லே வந்திருக்காது.

இப்ப நம்ம ஊர் விஷயத்துக்கு வர்றேன். பாகூர் ஏரி எல்லாருக்கும் தெரியும். சோர்ணாவூர் அணையில இருந்து தென்பெண்ணைத் தண்ணியை ஏரிக்குக் கொண்டு வர்றது பங்காரு வாய்க்கால். சிங்காரி, பங்காரி என்ற அக்கா தங்கச்சி ரெண்டு பேர் வெட்டின வாய்க்கால்னு பெரியவங்க சொல்லுவாங்க. அவங்க தங்கள் வீட்டுத் தோட்டத்துக்கு மட்டும் ஒரு கிணறு வெட்டிக்கிட்டுப் போயிருக்கலாம். செய்யல. ஊருக்கே தண்ணி கொண்டு வந்தாங்க. ஏரித் தண்ணி பெரிய பண்ணைக்கும் பாயும், கால் காணிக்காரனுக்கும் பாயும். கடைமடைக்குத் தண்ணி வரலைன்னா சண்டை போடுவோம், தூர் வாரச் சொல்லுவோம். யாராவது "ஏரி தூர்ந்து போச்சு, இனிமே ஆளாளுக்கு டேங்கர் தண்ணி வாங்கிக்கலாம்"னு சொன்னா ஒத்துக்குவோமா? தனியார் காப்பீடு என்பது அந்த டேங்கர் தண்ணிதான். அரசு ஆஸ்பத்திரிதான் ஏரி.

அரசு ஆஸ்பத்திரியில குறை இல்லைன்னு நான் சொல்ல வரல. நானே அதுல வேலை பார்த்தவ, எனக்குத் தெரியாத குறையா? கூட்டம், காத்திருப்பு, ராத்திரியில டாக்டர் இல்லை, மருந்து வெளியில எழுதிக் கொடுக்கிறது, ஒரு சிலர் எரிஞ்சு விழறது, எல்லாம் உண்டு. ஆனா ஒண்ணு யோசிங்க. வசதி இருக்கிறவங்க எல்லாம் அட்டையோட தனியாருக்குப் போயிட்டா, அங்க யார் மிச்சம்? கேள்வி கேட்கத் தெரியாதவங்க மட்டும். கேள்வி கேட்க ஆள் இல்லாத இடம் எப்படி உருப்படும்? ஏழைக்கு மட்டும்னு ஒதுக்கின எதுவும் ஏழையாத்தான் இருக்கும். டீச்சரம்மாவும், எம்.எல்.ஏ. வீட்டு அம்மாவும் நம்மோட அதே வரிசையில நின்னாத்தான் வரிசை சீக்கிரம் நகரும்.

நம்மகிட்ட இருக்கிறது சின்னச் சொத்து இல்லை. ஊருக்குத் துணை சுகாதார நிலையம், பாகூர்ல ஆரம்ப சுகாதார நிலையம், கரிக்கலாம்பாக்கத்துல சமுதாய நல வழி மையம், புதுச்சேரியில பொது மருத்துவமனை, எல்லைப்பிள்ளைச்சாவடியில பெண்கள் குழந்தைகள் ஆஸ்பத்திரி, கதிர்காமத்துல அரசு மருத்துவக் கல்லூரி, கோரிமேட்டுல ஜிப்மர். பிரெஞ்சுக்காரங்க காலத்துல 1823-ல ஆரம்பிச்ச மருத்துவப் பள்ளியோட வழியில வந்ததுதான் ஜிப்மர். எங்கெங்கோ இருந்து ஜனங்க ரயில் ஏறி அங்க வர்றாங்க. அதைக் காப்பாத்துறதும் நம்ம வேலை.

"எல்லாருக்கும் இலவசம்னா அரசாங்கத்தால முடியுமா? நம்மது ஏழை நாடாச்சே" என்று கேட்பாங்க. பிரிட்டன்ல வேல்ஸ் பகுதியில ட்ரெடிகர் என்று ஒரு சுரங்க ஊர். அங்க நிலக்கரித் தொழிலாளிங்க சம்பளத்துல இருந்து சில்லறை சில்லறையா போட்டு ஒரு மருத்துவ உதவிச் சங்கம் நடத்தினாங்க. நம்ம குழு மாதிரிதான். அந்தப் பணத்துல டாக்டர் வெச்சாங்க. அந்த ஊர்ல பிறந்து, சின்ன வயசுலயே சுரங்கத்துக்குள்ள இறங்கினவர் அனைரின் பெவன். பின்னாடி நாட்டுக்கே சுகாதார மந்திரி ஆனார். ஒரு ஊர்ச் சங்கத்தால முடிஞ்சதை நாடு முழுக்கச் செய்யலாம்னு, 1948 ஜூலை 5-ல தேசிய சுகாதார சேவையைத் தொடங்கினார். அப்ப அந்த நாடு உலகப் போர்ல அடிபட்டுக் கடன்ல கிடந்தது.

அது வெள்ளைக்காரன் நாடு என்பீங்க. பக்கத்துல இலங்கையைப் பாருங்க. சுதந்திரம் வந்த காலத்திலேயே அரசு ஆஸ்பத்திரியை இலவசமாக்கி, கிராமம் கிராமமா மருத்துவச்சிகளை அனுப்பினாங்க. 1930-களில் அங்க ஒரு லட்சம் பிரசவத்துக்கு ரெண்டாயிரம் தாய்மாருக்கு மேல செத்தாங்க. இப்ப அது நாற்பதுக்கும் கீழ. பணக்கார நாடா ஆன பிறகு செஞ்சது இல்லை அது. தாய்லாந்து 2002-ல எல்லாருக்கும் மருத்துவப் பாதுகாப்பு கிடைக்கிற மாதிரி செஞ்சது. அப்ப ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனா அவங்க காசு 30 பாட், அவ்வளவுதான் கட்டணமா இருந்தது. அதே நேரத்துல, உலகத்துலயே வைத்தியத்துக்கு அதிகமாச் செலவு பண்ற அமெரிக்காவுல, தனியார் காப்பீட்டை நம்பினதால இன்னும் ரெண்டரைக் கோடிப் பேருக்கு மேல எந்தக் காப்பீடும் இல்லாம இருக்காங்க.

நம்ம நாட்டுக் கணக்கும் இதைத்தான் சொல்லுது. 2013-14-ல வைத்தியத்துக்கு ஆகுற ஒவ்வொரு 100 ரூபாய்லயும் 64 ரூபாய் ஜனங்க கையில இருந்து போச்சு. 2021-22-ல அது 39 ரூபாயாக் குறைஞ்சது. அதே காலத்துல அரசாங்கத்தோட பங்கு 29-ல இருந்து 48-ஆ கூடினது. அரசாங்கம் போட்டா நம்ம கை காசு மிஞ்சும். கணக்கு அவ்வளவு எளிது. 2017 தேசிய சுகாதாரக் கொள்கையில, நாட்டு மொத்த உற்பத்தியில 2.5 சதவீதம் சுகாதாரத்துக்கு ஒதுக்குவோம்னு சொல்லியிருக்காங்க. அதைச் செய்யுங்கன்னுதான் நாம கேட்கணும். இது பிச்சையும் இல்லை. நாம வரி கட்டலைன்னு யார் சொன்னது? செல்போன் ரீசார்ஜ் போட்டா வரி, சோப்பு வாங்கினா வரி. அதுதான் நம்ம மாசச் சேமிப்பு. பன்னிரண்டு பேர் குழுவால ஒரு இருதய ஆபரேஷனைத் தாங்க முடியாது. கூட்டமைப்பாலயும் முடியாது. தாங்கக்கூடிய பெரிய குழு ஒண்ணுதான், அது நாடு.

அதனால என் கோரிக்கை மூணு.

ஒண்ணு, கம்பெனிக்குக் கட்ட நினைச்ச தொகையை நம்ம கூட்டமைப்புலயே அவசர மருத்துவ நிதியா வைப்போம். வண்டிச் செலவுக்கும் ஸ்கேனுக்கும் வட்டியில்லாம உடனே கொடுப்போம். நோக்கத்துல இனிமே மாடுன்னு எழுத வேண்டாம், 'வைத்தியம்' என்று உண்மையை எழுதுவோம். அப்பத்தான் கணக்கு வெளியில தெரியும். சொந்தமா பாலிசி வெச்சிருக்கிறவங்க அதை விட்டுடுங்கன்னு நான் சொல்லல. படிவத்துல உங்க நோயை எல்லாம் எழுதியிருக்கான்னு மட்டும் பார்த்துக்குங்க.

ரெண்டு, ஒவ்வொரு குழுவும் ஒரு நோட்டு போடுவோம். சுகாதார நிலையத்துல என்ன மருந்து இல்லை, என்னைக்கு டாக்டர் வரலைன்னு தேதியோட எழுதுவோம். மாசம் ஒரு தடவை அதைத் தொகுத்து, சுகாதாரத் துறைக்கும் நம்ம தொகுதி சட்டமன்ற உறுப்பினருக்கும் கூட்டமைப்பு முத்திரையோட மனுவாக் கொடுப்போம். புதுச்சேரியில 2006-க்குப் பிறகு இந்த நாள் வரைக்கும் உள்ளாட்சித் தேர்தல் நடக்கல. நமக்காகக் கேட்க வார்டு உறுப்பினர்னு ஒருத்தர் இல்லை. நாமதான் கேட்கணும்.

மூணு, 30 வயசு தாண்டின ஒவ்வொரு உறுப்பினரும் பி.பி., சர்க்கரை, மார்பு, கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையை அரசு சுகாதார நிலையத்துல செஞ்சுக்குவோம். தனியாப் போக வெட்கமா இருந்தா, குழுவா போவோம். பத்துப் பேரா நாம போய் நிக்கிற அன்னைக்கு அந்த இடமும் மாறும்.

தீர்மானத்தை உங்க முன்னாடி வெச்சிருக்கேன். கை தூக்குறதும் தூக்காததும் உங்க விருப்பம். வாய்க்கால் வெட்டினவங்க பேரை நாம இன்னைக்கும் சொல்றோம். டேங்கர் வாங்கினவங்க பேரை யாரும் சொல்லப் போறதில்லை.